எண்ணெய் பட்ட முதுகு

எண்ணெய் பட்ட முதுகை ஆஸ்பத்திரி தொடாது. ஆஸ்பத்திரி மருந்து பட்ட முதுகை, எண்ணெய் போட்டு எலும்பை இழுத்துவிடுகிற முறிவு வைத்தியர் தொடமாட்டார். அப்படியானால் முதுகு வலிக்கிற ஒரு பெண் முதலில் எந்த வாசலுக்குப் போக வேண்டும்?

வத்தேகம ஆஸ்பத்திரியில் பெண்கள் பக்கத்தில் வேலை பார்த்த காலம் முழுவதும் இந்தக் கேள்வி என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தது. எத்தனையோ பேருக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். யோசிக்காமல்கூடச் சொல்லியிருக்கிறேன். இன்று என் முதுகே வலிக்கிறபோது எனக்குப் பதில் தெரியவில்லை.

நான் விட்டுவந்த ஆஸ்பத்திரி விறாந்தையில் இப்போது நிற்கிற தங்கைமாரே, உங்களுக்காக இதை எழுதுகிறேன். கட்டுப் போடுவதும் மருந்து கலப்பதும், டாக்டர் இடத்தில் இருந்து மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி ஐயா சொல்லித் தருகிற விஷயங்கள்; அவற்றைத் தொடமாட்டேன். யாரும் சொல்லித் தராதவை சில உண்டு. அவற்றைச் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்றும் சந்தேகமாக இருக்கிறது. வேலையிலிருந்து ஓய்ந்தவள் என்று சொல்லிக்கொள்கிற வயது இல்லை எனக்கு. மகள் பிறந்தாள், முதுகு போனது, நிற்க முடியவில்லை, வேலையை விட்டேன். அவ்வளவுதான் என் கதை.

இப்போது கட்டுகஸ்தோட்டையில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் இங்கே ஒரு கோப்பி ஸ்டோரில் எழுத்து வேலை பார்க்கிறார். காலையில் பாலத்தில் மாட்டு வண்டிகள் ஏறுகிற சத்தம் கேட்கும். மூட்டைகள் வத்தேகமப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருகிறவை. காய்ந்த கோப்பியின் வாசம் சன்னல் வழியாக வரும்போது கையிலிருக்கும் வேலையை அப்படியே வைத்துவிடுவேன். அந்த வண்டிகள் புறப்பட்ட இடத்தில் இந்நேரம் விறாந்தை கழுவியிருப்பார்கள். பெண்கள் வந்து வரிசையாகக் குந்தியிருப்பார்கள். சாக்குத் திரை இறக்கப்பட்டிருக்கும். அதற்குப் பின்னால் நான் இல்லை.

அந்தத் திரைக்குப் பின்னால் நின்றவள் என்பதால்தான் எனக்குச் சம்பளம். சரிவில் நாள் முழுக்கக் குனிந்து நின்று, இடுப்பில் கட்டிய பையில் பழம் பறித்துப் போடுகிற பெண்கள் அவர்கள். முதுகு வலிக்கிறது என்பதை மட்டும் ஓர் ஆணிடம் சொல்வார்கள். எங்கே, எப்போதிலிருந்து, வேறு என்ன என்பதைச் சொல்லமாட்டார்கள். நான் கண்டியில் மிஷன் பெண்பள்ளியில் படித்தவள். மருந்துப் போத்தலில் ஒட்டியிருக்கும் இங்கிலீசை வாசிப்பேன், அவர்கள் பேசுகிற தமிழையும் பேசுவேன். திரைக்குப் பின்னால் நான் கேட்பேன். திரைக்கு முன்னால் மேசையில் இருக்கும் ஐயாவுக்குச் சொல்வேன்.

ஐயா யாழ்ப்பாணத்தவர். அங்கே மிஷன் வைத்தியம் படித்துவிட்டு மலைநாட்டுக்கு வந்தவர். நல்ல மனிதர், பிடிவாதமும் நிறைய. முறிவு வைத்தியரின் எண்ணெய் பட்ட முதுகை அவர் பார்க்கவே மாட்டார். "அவன் முறிச்சதை நான் ஒட்டவோ? நாளைக்கு அவள் படுத்த படுக்கையானால் ஆரின்ர தலையில விழும்?" என்பார். மகாவலி ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த வைத்தியரும் அதே மாதிரிதான். பெண்கள் அவரைச் சிங்களத்தில் 'வெதமாத்தயா', வைத்தியர் ஐயா, என்பார்கள். மருந்துப் பிளாஸ்திரி ஒட்டிய தடம் முதுகில் தெரிந்தால், காணிக்கையாக வைத்த வெற்றிலையைத் திருப்பிக் கொடுத்துவிடுவாராம். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே இல்லாத இரண்டு பேர், ஒரே முதுகுக்கு இரண்டு பூட்டுப் போட்டு வைத்திருந்தார்கள்.

இதில் என் பங்கு என்னவென்றால், ஐயா மூக்குத்தூள் போடுகிறவர். வருடக்கணக்காகப் போட்டு மூக்கில் வாசம் என்பதே இல்லாமல் போய்விட்டது. அதனால் முதுகுவலி என்று யார் வந்தாலும் மேசையிலிருந்து ஒரு கேள்வி வரும்.

"பிள்ளை, எண்ணெய் மணக்குதோ?"

நான் மணக்கவில்லை என்றால் உள்ளே. மணக்கிறது என்றால் வெளியே. ஒரு பெண்ணின் மூக்கில் இவ்வளவு பெரிய கதவைத் தொங்கவிடலாமா என்று அப்போது நான் யோசிக்கவில்லை. பெண்கள் யோசித்தார்கள். எண்ணெய் வாசத்தை மறைக்க, கோப்பிப் பழத்தோலைக் கசக்கி முதுகில் தேய்த்துக்கொண்டு வருவார்கள். அறுவடைக் காலத்தில் எல்லார் மேலும் அந்தப் புளித்த வாசம் இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. பேச்சி என்று ஒருத்தி செய்த தப்பு, அதைப் பங்குனி மாதத்தில் செய்தது.

அன்றைக்கு மலை முழுக்கக் கோப்பி பூத்திருந்தது. பனி இறங்கின மாதிரி வெள்ளை. விறாந்தை வரைக்கும் பூவாசம். அதற்கு நடுவில் பேச்சியைப் புருஷன் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து திரைக்குப் பின்னால் விட்டான். பழத்தோல் குழியின் அடியிலிருந்து அள்ளின பழைய புளிப்பு நாற்றம் அவள் முதுகிலிருந்து வந்தது.

"என்ன பேச்சி, மல முழுக்கப் பூவா இருக்கு. ஒன் முதுகுல மட்டும் பழம் பழுத்திருச்சா?" என்றேன்.

வரிசையில் இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

"மெதுவா பேசுங்கக்கா. ஐயா காதுல விழுந்துறப் போவுது."

"எப்ப போன அவருகிட்ட?"

"முந்தாநேத்து. உரமூட்டையோட வழுக்கி விழுந்துட்டேன். அவரு ஒரு இழுப்பு இழுத்தாரு. சடக்குன்னு ஒரு சத்தம். சத்தம் வந்தா நல்லதுன்னாரு."

"இப்ப வலி எப்பிடி?"

"வலி போயிருச்சுக்கா." அவள் சிரிக்கவில்லை. "காலும் சேந்து போயிருச்சு."

அதற்கு மேல் கேட்க வேண்டியதைக் கேட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சேலை நனைந்த பிறகுதான் தெரிகிறது என்றாள்.

மேசையிலிருந்து குரல் வந்தது. "பிள்ளை, எண்ணெய் மணக்குதோ?"

தங்கைமாரே, இந்த இடத்தில் உங்களுக்குக் கிடைக்கிற நேரம் மிகக் குறைவு. இல்லை என்று சொல்லலாம். ஐயா உள்ளே கூப்பிட்டுத் தைலமும் பிளாஸ்திரியும் கொடுத்து அனுப்புவார். இழுத்த முதுகு என்று தெரியாமலே அனுப்புவார். ஆமாம் என்றும் சொல்லலாம். அவள் வந்த வழியே போவாள். இரண்டு பதிலிலும் அவள் தோட்டத்து லய வீட்டுக்குத்தான் திரும்புவாள். அவர் கேட்டது ஒரு கேள்விதான் என்றாலும் நான் இரண்டு பதில் சொன்னேன்.

"எண்ணெய் வாசம் இருக்குங்க ஐயா. ஒண்ணுக்குப் போறது தெரியாமலும் இருக்குங்க."

கதிரை பின்னால் நகர்கிற சத்தம் கேட்டது. "மணந்தால் அனுப்பு எண்டெல்லோ சொல்லியிருக்கிறன்?"

"அனுப்பலாங்க. ஆனா நடந்து போக மாட்டா."

ஐயா மூக்குத்தூள் டப்பியை மேசையில் வைத்தார். திரையை விலக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். அதற்கு முன் அவர் வந்ததே இல்லை. ஊசி முனையால் அவள் பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பேச்சி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி தன் காலில் இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

"ரோட்டில வண்டி ஏதும் நிக்குதோ, பார்," என்றார்.

கண்டிக்குப் போகிற கோப்பி வண்டியில் மூட்டைகளின் மேல் அவளைப் படுக்க வைத்து அனுப்பினோம். கண்டியில் நெடுநாள் அசையாமல் கிடத்தியிருந்தார்கள். பிழைத்து வந்தாள். இன்றைக்கும் ஒரு கோலை ஊன்றி வந்து கோப்பிக் களத்தில் உட்கார்ந்து கொட்டை பொறுக்குகிறாள் என்று வண்டிக்காரர்கள் சொல்கிறார்கள்.

இதிலிருந்து முறிவு வைத்தியரிடம் யாரையும் விடக் கூடாது என்று நீங்கள் முடிவு கட்டிவிட வேண்டாம். விழுந்ததால் கால் போனதா, இழுத்ததால் போனதா என்பது யாருக்கும் தெரியாது. இழுத்ததால்தான் என்றார் ஐயா. பேச்சி விழுந்ததால் என்கிறாள். நான் சொல்வது வேறு. கால் மரத்திருக்கிறதா, சிறுநீர் தெரிகிறதா, காய்ச்சல் உண்டா, விழுந்தாளா, வயிற்றில் பிள்ளை இருக்கிறதா என்று யார் கை படுவதற்கு முன்னாலும் கேளுங்கள். கேட்டதை முழுதாகச் சொல்லுங்கள். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு எண்ணெயை மறைக்காதீர்கள். சட்டத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு காலை மறைக்காதீர்கள்.

இதை எழுதி முடித்ததுமே கங்காணியம்மா நினைவுக்கு வந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். பெரிய கங்காணியின் மனைவி. ஆஸ்பத்திரிக்கு வந்தால் தரையில் உட்கார மாட்டார், வலியால் கதிரையிலும் உட்கார மாட்டார். தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒரு அறுவடை முடிந்து மறுபடி கோப்பி பூக்கும்வரை ஐயா அவருக்குத் தைலமும் பிளாஸ்திரியும் கொடுத்தார். இடுப்புக் கோணல் அப்படியே இருந்தது. ஒரு நாள் சொல்லாமல் ஆற்றைக் கடந்து வெதமாத்தயாவிடம் போய்விட்டார். பிளாஸ்திரித் தடத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துத் தோலை உரித்துக்கொண்டு போனார் என்பது பிறகு தெரிந்தது. அடுத்த கிழமை வந்தார், வைத்தியம் பார்க்க அல்ல. விறாந்தை நடுவில் நிமிர்ந்து நின்று, கையை இடுப்பில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார்.

"ஐயா, பாருங்க. ஒரே முறுக்கு!"

ஐயா தலையை நிமிர்த்தவில்லை. "அது தானா மாறியிருக்கும்."

"தானா மாற இருந்தது ஒங்க மருந்துல ஏன்யா மாறல? அது என்ன, ஒங்கள கண்டா வெக்கப்பட்டுச்சா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் திரைக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டேன். ஐயா சிரிக்கவில்லை, ஆனால் மறுநாள் என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்: "அந்த மனுசி உண்மையாவே நிமிர்ந்து நிண்டவவோ, இல்லாட்டி எனக்குக் காட்ட நிண்டவவோ?" எனக்குத் தெரியவில்லை என்றேன். உண்மையில் தெரியவில்லை. அடுத்த அறுவடையில் கங்காணியம்மா மறுபடி கோணலாக நடந்ததாக ஒருத்தி சொன்னாள். இல்லை, நன்றாகத்தான் இருக்கிறார் என்று இன்னொருத்தி சொன்னாள்.

ஆகவே என்னை நடுநிலையாளர் என்று நினைக்காதீர்கள். இரண்டு பக்கமும் பார்த்தவள், இரண்டையும் முழுதாக நம்பத் தெரியாதவள், அவ்வளவுதான்.

மகள் பொன்னி பிறந்த பிறகு என் முதுகு திரும்பிவரவில்லை. முதலில் எல்லாருக்கும் வருவதுதானே என்று இருந்தேன். பிறகு குனிய முடியவில்லை. குனிந்தால் நிமிர முடியவில்லை. விறாந்தையில் நிற்கிற வேலைக்கு இது ஒத்துவராது என்று நானே போய்ச் சொன்னேன். ஐயா திரைக்குப் பின்னால் வைத்து என்னைக் கேள்வி கேட்டார், நான் மற்றவர்களைக் கேட்ட அதே கேள்விகளை. கால் சரி. காய்ச்சல் இல்லை. எதுவும் மரக்கவில்லை.

"எலும்பில ஒண்டும் இல்லை, பிள்ளை. பிள்ளை பெத்த முதுகு. பொறுத்திரு. இந்தப் பிளாஸ்திரியைப் போடு. அவனிட்ட மட்டும் போகாதை."

பிளாஸ்திரியை வாங்கி வந்தேன். போடவில்லை. அலுமாரிக்குள் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். போட்டால் தடம் விழும். தடம் விழுந்தால் மற்ற வாசல் மூடிக்கொள்ளும். சரி, அந்த வாசலுக்காவது போனேனா என்றால், எண்ணெய் பட்டால் ஐயாவிடம் திரும்ப முடியாதே என்ற பயம். எண்ணெயும் படாமல் மருந்தும் படாமல் இருக்கிறது என் முதுகு. இப்படி ஒரு முதுகோடு யாராவது விறாந்தைக்கு வந்திருந்தால் நானே கோபித்திருப்பேன்.

வீட்டுக்காரரிடம் கேட்டால், "ஒனக்குத்தான் இதெல்லாம் தெரியும். நீயே யோசிச்சு சொல்லு" என்கிறார். மரியாதையாகத்தான் சொல்கிறார். அந்த மரியாதையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

பேறு பார்க்க வந்த என் நாத்தனார் இன்னும் எங்களோடுதான் இருக்கிறார். வீட்டுக்காரரின் அக்கா; நான் மதினி என்று கூப்பிடுவேன். பொன்னியைத் தூக்குவது, குளிப்பாட்டுவது, தொட்டிலில் போடுவது எல்லாம் அவர்தான். நான் உட்கார்ந்திருந்தால் மடியில் கொண்டுவந்து வைப்பார். எடுத்துக்கொண்டும் போவார். பொன்னி நடக்கத் தொடங்கியபோது என் முன்னால் வந்து இரண்டு கையையும் உயர்த்தி "தூ" என்பாள். தூக்கு என்று முழுதாக வராது. நான் குனியப் பார்ப்பேன். பாதியில் நிற்பேன். அதற்குள் பின்னாலிருந்து மதினி வந்து வாரி எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

ஒரு நாள் அடுப்படி வாசற்படியில் பொன்னி இடறி விழுந்தாள். நான் பக்கத்திலேயே நின்றேன், கைக்கெட்டுகிற தூரம். அழுதுகொண்டே எழுந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு என்னைத் தாண்டி, என் சேலை அவள் முகத்தில் உரச, கொல்லைப்புறத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மதினியிடம் கையைத் தூக்கிக்கொண்டு போனாள். குழந்தைக்கு என்ன தெரியும், யார் தூக்குவார்களோ அவர்களிடம் போகிறது. எனக்கும் அது தெரியும்.

அன்றைக்கு மதினி சொன்னார்: "நீ ஊருக்கே வாசம் பாத்து வழி சொன்னவ. ஒனக்கு வழி பாக்கும்போது மட்டும் மூக்கு அடைச்சுக்கிச்சா? கெளம்பு புள்ள."

கிளம்பினேன்.

வெற்றிலை வாங்கிக்கொண்டு, பொன்னியை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு, தோணியில் ஆற்றைக் கடந்து போனோம். வெதமாத்தயாவின் முற்றத்தில் ஒரு பெரிய பலா மரம். அதன் அடியில் ஆட்கள் காத்திருந்தார்கள். ஓரமாக அவருடைய மனைவி எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தார். அந்த வாசம் எனக்குத் தெரிந்த வாசம். எத்தனை முதுகில் அதை மோந்து பார்த்து, எத்தனை பேரை வெளியே அனுப்பியிருக்கிறேன்!

வெதமாத்தயா ஆள் உயரம், நரைத்த கொண்டை, சத்தமான சிரிப்பு. எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு வண்டிக்காரனைக் குப்புறப் படுக்க வைத்தார். "பய வென்ட எப்பா," என்றார், பயப்படாதே என்று. அவன் மூச்சை விட்ட நேரம் பார்த்து ஒரு திருப்புத் திருப்பினார். பலா மரத்தடி வரைக்கும் சத்தம் கேட்டது. வண்டிக்காரன் எழுந்தான், இடுப்பைத் தொட்டுப் பார்த்தான், சிரித்தான், நடந்தே போனான்.

"பாத்தியா?" மதினி என் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். "படுத்தவன் வேற, எந்திரிச்சவன் வேற!"

எனக்கும் ஆசை வந்தது. அந்த வண்டிக்காரன் நிமிர்ந்த மாதிரி நானும் நிமிர்ந்து வீட்டுக்குப் போய், வாசலில் வருகிற பொன்னியை அப்படியே தூக்கினால்? தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டியேறி வத்தேகமவுக்குப் போய் நின்றால்? பாரம் எவ்வளவு இருப்பாள் என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது.

எங்களுக்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு ஆள்தான். கட்டுகஸ்தோட்டைக் கடைவீதிப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். திரை போட்ட வண்டிக்குள் ஒரு இளம்பெண் படுத்திருந்தாள். அவளுடைய தங்கை வண்டிக்கு வெளியே முக்காட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். சும்மா இருக்க என்னால் முடியவில்லை. பழக்கம்.

"அக்காவுக்கு என்னம்மா?"

"முதுகு புடிச்சிட்டு. ராத்தா அடுப்படியில பானைய தூக்கினா, அப்பிடியே விழுந்துட்டா."

"கால் நல்லா இருக்கா?"

"ரெண்டு காலும் மரத்தீக்கிது. பாயில குந்தினா பாய் தெரியல்லண்டு செல்றா. எங்களுக்கு வெளங்கல்ல."

எனக்கு விளங்கியது. பேச்சியின் பாதத்தில் ஊசி தொட்டது நினைவுக்கு வந்தது. அதற்குள் வெதமாத்தயாவின் மனைவி வெள்ளைத் துணியோடு வண்டியை நோக்கி வந்தார்; பெண்களைத் துணியால் மூடித்தான் வெதமாத்தயா பிடிப்பாராம். எழுந்தேன். எப்படி எழுந்தேன், முதுகு வலித்ததா என்று நினைவில்லை.

"இவங்கள இழுக்க வேணாம். கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். இப்பவே."

"யார் இந்த நோனா?" என்று வெதமாத்தயா கேட்டார், படித்த பெண்ணைச் சிங்களத்தில் கூப்பிடுகிற மாதிரி.

மரத்தடியிலிருந்து ஒரு பெண் குரல் உற்சாகமாகக் கத்தியது: "வத்தேகம ஆஸ்பத்திரி அக்கா! எண்ணெய் மோந்து பாக்குறவங்க!"

அவர் முதலில் சிரித்தார். "ஆ! என் எண்ணெய மோந்து பாக்குற மூக்கு இதுதானா?" பிறகு சிரிப்பு போய்விட்டது. "நான் தொட்ட ஆள ஒங்க ஐயா தொட மாட்டார். இப்ப என் முத்தத்துல வந்து, நான் யார தொடணும்னும் நீங்கதான் சொல்லணுமா?"

அதில் நியாயம் இருந்தது. மதினி பின்னாலிருந்து என் முந்தானையை இழுத்தார், வந்து உட்காரு என்று.

"நீங்க சொல்றது சரிதாங்க," என்றேன். "ஆனா இவங்களுக்குக் குந்தியிருக்கிற பாய் தெரியல. கேட்டுப் பாருங்க."

அவர் வண்டிக்குப் போனார். திரைக்கு வெளியே நின்று தங்கையிடம் ஏதோ கேட்டார். தங்கை உள்ளே கேட்டுச் சொன்னாள். கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்க்காமல், அந்த வண்டியை ஓட்டி வந்தவனிடம், "கண்டிக்கு ஓட்டு. மெதுவா," என்றார்.

அடுத்து என் முறை. வெற்றிலையோடு நின்றேன். அவர் என் தோளை ஒரு விரலால் மட்டும் அழுத்திப் பார்த்தார்.

"இன்னிக்கு வேணாம், நோனா. முதுகு கல்லு மாதிரி இருக்கு. பயந்த முதுக நான் தொட மாட்டேன்."

வெற்றிலை திரும்பி என் கையிலேயே இருந்தது.

தோணியிலிருந்து கரை இறங்கியதும் மதினி சொன்னார்: "ஊர்ல உள்ளவ முதுகு எல்லாம் ஒன் முதுகு. ஒன் முதுகு யாரு முதுகு?"

அந்த வண்டி கண்டிக்குத்தான் போனதா என்று எனக்குத் தெரியாது. முதலில் வீட்டுக்குப் போய் அக்காவின் மாப்பிள்ளையைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று தங்கை சொன்னதாக மதினி சொல்கிறார். கடைவீதிப் பக்கம் போகிறவர்களிடம் விசாரித்தேன். யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கண்டியிலும் என்ன செய்திருக்க முடியும் என்று தெரியாது. அசையாமல் கிடத்தியாவது வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பலா மரத்தடியில் எழுந்து நின்று பேசிய கொஞ்ச நேரமும் நான் வத்தேகம விறாந்தையில் இருந்தேன். நெடுநாள் கழித்து எனக்கு என் குரல் கேட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. அதனால்தான் சந்தேகமும் வருகிறது. நான் பேசியது அந்தப் பெண்ணின் காலுக்காகவா, விட்டுப்போன என் வேலைக்காகவா? அல்லது வண்டிக்காரனின் முதுகு போட்ட அந்தச் சத்தத்தைக் கேட்டதும், என் முறை வராமல் இருக்க ஒரு காரணம் கிடைத்ததற்காகவா? பயந்த முதுகு என்று அவர் சொன்னது என் முதுகை மட்டும்தானா? பாய் தெரியவில்லை என்றால் போகத்தான் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகம் என் மேல்தான்.

ஐயா யாழ்ப்பாணத்துக்கே திரும்பிப் போகிறாராம். கோப்பி இலையில் மஞ்சள் பொடி நோய் விழுந்த பிறகு தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறுகின்றன, இருக்கிறவர்களும் போகிறார்கள். போவதற்கு முன் வண்டிக்காரனிடம் சொல்லி அனுப்பியிருந்தார்: "பிளாஸ்திரி போட்டவளோ எண்டு கேள்." நான் பதில் அனுப்பவில்லை. அவருக்குப் பதிலாக வருகிறவர் மூக்குத்தூள் போடுகிறவர் இல்லையாம். அவருக்கே வாசம் தெரியும். உங்களிடம் யாரும் எண்ணெய் மணக்கிறதா என்று கேட்கமாட்டார்கள். கேட்காவிட்டாலும் கால் எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள். உங்கள் வேலை அங்கேதான் இருக்கிறது. மூக்கு இனி அவருடையதாக இருக்கட்டும்.

வெதமாத்தயாவும் சொல்லி அனுப்பியிருக்கிறார், அதே வண்டிக்காரர்கள் மூலமாக. கோபம் இல்லையாம். கண்டிப் பெரஹரா திருவிழா முடிந்து கூட்டம் குறைந்ததும் வரட்டும், பயத்தை வீட்டில் வைத்துவிட்டு வரட்டும் என்றாராம். வீட்டில் எங்கே வைப்பது? அலுமாரியில் ஏற்கனவே பிளாஸ்திரி இருக்கிறது.

இதுவரைக்கும் நான் உங்களுக்குச் சொன்னேன். இனி நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டும். நான் யார் என்பதை மறந்துவிடுங்கள். திரைக்குப் பின்னால் வந்து குந்திய ஒருத்தியாக நினைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் இல்லை. விழவில்லை. கால் மரக்கவில்லை, பாய் தெரிகிறது. பிள்ளை பெற்ற முதுகு; பொறு என்கிறார் ஒருவர், வா என்கிறார் ஒருவர். உங்களிடம் இப்படி வந்து போனவர்கள் இருப்பார்கள். பொறுத்தவர்களுக்கு என்ன ஆனது, போனவர்களுக்கு என்ன ஆனது, கேட்டுப் பாருங்கள். அலுமாரியைத் திறக்கவா, வெற்றிலை வாங்கவா? வத்தேகமவிலிருந்து வருகிற எந்தக் கோப்பி வண்டியில் கொடுத்தாலும் வந்து சேரும்.

பெரஹரா வரைக்கும் காத்திருக்காமல் எழுதுங்கள். நேற்றுப் பொன்னி தானாகவே கதிரையைப் பிடித்து ஏறி உட்கார்ந்துகொண்டாள். யாரிடமும் கை நீட்டவில்லை. மதினி கை தட்டினார். நானும் தட்டினேன்.